அகலமான ஆடைகளும் 200 ஊசிகளும்: வீட்டுப் பின்னல் இயந்திரத்தில் என் அனுபவம்

பின்னும் துணியின் அகலம் போதவில்லை என்பதற்காக, ஊசிகளுக்கிடையே அதிக இடைவெளி உள்ள இயந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சில்வர் ரீட் எஸ்கே 280, எல்கே 150 என்ற இரு வீட்டுப் பின்னல் இயந்திரங்களையும் நெடுநாளாகப் பயன்படுத்தி வரும் நான் சொல்வது, அகலத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம் என்பதே. முன்னதில் 4.5 மி.மீ. இடைவெளியில் 200 ஊசிகள், பின்னதில் 6.5 மி.மீ. இடைவெளியில் 150 ஊசிகள். பெருக்கினால் 90 செ.மீ., 97.5 செ.மீ. தடித்த நூலுக்கான 9 மி.மீ. இயந்திரங்களும் 110 ஊசிகளோடு ஒரு மீட்டரை ஒட்டியே நின்றுவிடுகின்றன. இயந்திரத்திலிருந்து கழற்றியதும் துணி சுருங்குவதால், 10 செ.மீ.க்கு 28 கண்ணிகள் (பின்னல் வளையங்கள்) விழும் மெல்லிய கம்பளியில் 200 ஊசிகளும் சேர்ந்து தருவது ஏறக்குறைய 71 செ.மீ. மட்டுமே. கண்ணியின் அளவை மாற்றும் டென்ஷன் டயலைக் கூட்டினால் அகலம் சற்றுக் கிடைக்கும், ஆனால் துணி தொய்ந்துவிடும்.

எனக்குப் பெரிதும் கைகொடுத்தது பக்கவாட்டில் பின்னும் முறை. சுற்றளவு 110 செ.மீ. உள்ள கார்டிகனை ஒரே துண்டாகக் கீழிருந்து மேலாகப் பின்ன 308 ஊசிகள் வேண்டும். அதையே ஒரு முன்விளிம்பில் தொடங்கி மறு முன்விளிம்பில் முடித்தால், 62 செ.மீ. நீளத்துக்கு 174 ஊசிகள் போதும், சுற்றளவு முழுவதும் வரிசைகளாக மாறிவிடும்; வரிசைகளை வேண்டிய அளவு பின்னிக்கொண்டே போகலாம். கைக்குழி வரும் இடத்தில் தோள்பக்கக் கண்ணிகளைக் பிறகு பிரித்துவிடும் கழிவு நூலில் இறக்கிவிட்டு, அதே ஊசிகளில் புதிதாகக் கண்ணி போட்டுத் தொடர்ந்தால், பக்கத் தையலே இல்லாமல் கைக்குழி அமைந்துவிடும். அடிவிளிம்பில் கண்ணி எடுத்து ரிப் (இழுபடும் வரிப் பின்னல்) பின்னப் போனால் அகலத் தட்டுப்பாடு மறுபடியும் வரும் என்பதால், மிச்சமுள்ள ஊசிகளில் சிலவற்றையும் உள்மடிப்புக்காகச் சேர்த்துக்கொண்டு, மடிப்பு விழும் இடத்தில் ஓர் ஊசியை வேலையிலிருந்து விலக்கி வைக்கிறேன்; அந்த இடைவெளிக் கோட்டில் விளிம்பு ஒழுங்காக மடிகிறது. பின்னலின் இழுபடும் திசை இப்போது மேல்கீழாக அமைவதால், ஆடை தன் எடையாலேயே நீளும். ஆகவே மாதிரித் துண்டைத் துவைத்து, ஓரிரு நாள் தொங்கவிட்ட பிறகே அளக்க வேண்டும்.

இரட்டைப் படுகை (எதிரெதிரே இரு ஊசி வரிசைகள்) உள்ளவர்கள், துணி இரண்டாக மடிந்து ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும்படி இரு படுகைகளிலும் மாறிமாறிப் பின்னி, 400 கண்ணிகள் வரை பெறலாம். கிடைப்பது சாதாரணப் பின்னல் மட்டுமே. இரு படுகைகளின் டென்ஷனும் ஒத்துவராவிட்டால் மடிப்புக் கோடு கடைசிவரை தெரியும். முக்கியமான ஆடைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போர்வை, பாஞ்சோ (தலை வழியாகப் போடும் போர்வை போன்ற மேலாடை) போன்றவற்றுக்குப் பட்டைகளாகப் பின்னி இணைப்பதே மேல். பட்டைகளைத் தனித்தனியே முடித்துத் தைக்க வேண்டியதில்லை. புதிய பட்டையைப் பின்னும்போது, கேரேஜ் (ஊசிகளின் மேல் நகர்த்திப் பின்னும் பகுதி) இணைப்புப் பக்கம் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும், முந்தைய பட்டையின் ஓரக் கண்ணி ஒன்றை ஒற்றைக்கண் கருவியால் எடுத்துக் கடைசி ஊசியில் மாட்டினால் போதும். ஓரக் கண்ணி ஒன்றுக்கு இரண்டு வரிசை என்பதால் கணக்கு பிசகாது, இணைப்பும் தட்டையாகவே விழுகிறது.