அண்ணனுக்கு ஒன்று, பதிப்பாளருக்கு ஒன்று: தஸ்தயெவ்ஸ்கியின் இரண்டு கடிதங்கள்

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கியின் கடிதங்களை எங்கே தொடங்குவது என்று கேட்டால், இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன்.

முதலாவது, 1849 டிசம்பர் 22-ல் கோட்டைச் சிறையிலிருந்து அண்ணன் மிகயிலுக்கு எழுதியது. அன்று காலையில்தான் அவருக்கு விதித்திருந்த மரண தண்டனை கடைசி நொடியில் ரத்தாகியிருந்தது. சுட்டுக்கொல்ல மூன்று மூன்று பேராக அழைக்கிறார்கள். இவர் ஆறாவது ஆள். முதல் மூவரைக் கம்பத்தில் கட்டியாகிவிட்டது. அடுத்த முறை தனக்கு, மிஞ்சினால் ஒரு நிமிடம். அப்போது அண்ணனை நினைத்ததையும், பக்கத்தில் நின்ற இருவரைக் கட்டித் தழுவியதையும் எழுதுகிறார். படிக்கும்போது தொண்டை அடைத்துவிடும்.

இரண்டாவது, 1865 செப்டம்பரில் ஜெர்மனியின் வீஸ்பாடனிலிருந்து பத்திரிகை அதிபர் கத்கோவுக்கு எழுதியது. இதன் வரைவுதான் கிடைத்திருக்கிறது. அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய கடனும் தலையில். சூதாட்டத்தில் கைக்காசும் போயிருந்தது. 300 ரூபிள் முன்பணம் கேட்கிறார். கூடவே கதையையும் சொல்கிறார்: பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட மாணவன், வட்டிக்குக் கொடுக்கும் கிழவி, கொலை, அப்புறம் மனிதர்களிடமிருந்தே அறுந்துபோன உணர்வு தாங்காமல் அவனே சரணடைவது. 1866-ல் வெளிவரத் தொடங்கிய 'குற்றமும் தண்டனையும்' நாவலின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

மனிதரைத் தெரிந்துகொள்ள அண்ணனுக்கு எழுதியது போதும். ஆனால் எழுதுகிறவர்களுக்கு நான் கத்கோவ் கடிதத்தையே முதலில் கொடுப்பேன். பணமுடையிலும் தன் கதாபாத்திரத்தின் மனதை அவ்வளவு தெளிவாகப் பிடித்து வைத்திருக்கிறார்.