முப்பது தாண்டி டாக்டர் படிப்பு: அமெரிக்காவில் எந்த வழி யாருக்கு?

வேறு துறையில் பட்டம் வாங்கி, பல வருடம் வேலையும் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது "எனக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் பழைய டிரான்ஸ்கிரிப்டை எடுத்து மேசையில் வையுங்கள். அதில் அறிவியல் பாடங்களே இல்லையா, இருந்தும் மார்க் மோசமா, மார்க் நன்றாக இருந்தும் பாடங்கள் பழசாகிவிட்டனவா? இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒருவருக்குச் சரியான வழியில் இன்னொருவர் போய்ப் பணத்தையும் ஒரு வருடத்தையும் தொலைப்பதுதான் இந்த வட்டாரத்தில் அதிகம் நடக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு வடிகட்டி இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களைத்தான் எடுக்கின்றன. எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களைப் பரிசீலிக்கும் கல்லூரிகள் குறைவு. மத்திய அரசின் கல்விக்கடனும் அவர்களுக்குக் கிடையாது. இந்தியாவில் பி.இ. அல்லது பி.எஸ்சி. முடித்தவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எம்.டி. (அமெரிக்காவில் டாக்டர் ஆவதற்கான முதல் பட்டமே இதுதான்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், வெளிநாட்டு மார்க்குகளை ஜிபிஏ (நான்குக்கு எத்தனை என்று போடும் மார்க் சராசரி) கணக்கில் சேர்ப்பதில்லை. வெஸ் போன்ற நிறுவனங்களின் மதிப்பீட்டு அறிக்கையையும் வாங்கிக்கொள்வதில்லை. டி.ஓ. (எம்.டி.க்கு இணையான ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆக்கோமாஸ் மதிப்பீட்டை ஏற்கிறது. ஆனாலும் இரண்டு பக்கமும் பல கல்லூரிகள், அமெரிக்காவிலோ கனடாவிலோ இத்தனை கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. சில கல்லூரிகள் பட்டமே இங்கே வாங்கியதாக இருக்கவேண்டும் என்கின்றன. இதைப் பார்க்காமல் போஸ்ட்பேக்குக்கு, அதாவது பட்டம் வாங்கிய பிறகு மெடிக்கல் ஸ்கூலுக்கான அறிவியல் பாடங்களைப் படிக்கும் படிப்புக்கு, பணம் கட்டிவிடாதீர்கள்.

பாடங்களை எங்கே படிப்பது?

தேவையான பாடங்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் நான்கும் தலா இரண்டு செமஸ்டர், லேபோடு. அதற்கு மேல் உயிர்வேதியியல் ஒரு செமஸ்டர், பிறகு புள்ளியியல், உளவியல், சமூகவியல். இதில் நேரத்தைத் தின்பது வேதியியல் வரிசை. பொது வேதியியல் இரண்டு, கரிமம் இரண்டு, அதன்பின் உயிர்வேதியியல் என்று ஒன்று முடித்துத்தான் அடுத்ததைத் தொட முடியும். கோடைப் பருவத்தையும் விடாமல் பயன்படுத்தினால் இரண்டு வருடத்துக்குள் முடியும். வேலையோடு சேர்த்துப் படித்தால் மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு.

பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாமே பாடங்களைப் பொறுக்கிப் படிப்பது மலிவான வழி. வேலையை விடாமலும் செய்யலாம். சறுக்கும் இடம் பதிவு செய்யும் நாள். பட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லாம் இடம் பிடித்த பிறகுதான் பட்டம் சாராத மாணவருக்குக் கதவு திறக்கும். அதற்குள் மாலை நேர லேப் நிரம்பியிருக்கும். மிச்சம் இருப்பது செவ்வாய் மதியம் இரண்டு மணி லேப். இரண்டாவது இளங்கலைப் பட்டத்துக்கு என்று சேர்ந்துகொண்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். அந்தப் பட்டத்தை முடித்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. கம்யூனிட்டி காலேஜை (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) பற்றிப் பயமுறுத்துபவர்கள் அதிகம். பொது வேதியியலை அங்கே முடித்துவிட்டு, கரிமமும் உயிர்வேதியியலும் நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் ஏ வாங்கிக் காட்டினால் பெரும்பாலான கல்லூரிகளுக்கு அது போதும்.

முறையான போஸ்ட்பேக் வேறு ரகம். பிரின் மார், கௌச்சர், ஸ்கிரிப்ஸ் போன்றவற்றில் ஒரு வருடம் போல முழுநேரப் படிப்பு; கொலம்பியாவில் சாதாரணமாக இரண்டு வருடம். செலவு பல பத்தாயிரம் டாலர். பதிலுக்கு ஆலோசகர், கல்லூரிக் குழுவே எழுதித் தரும் கமிட்டி கடிதம், எல்லாவற்றுக்கும் மேலாக லிங்கேஜ் கிடைக்கும். வழக்கமாக, பாடங்களை முடித்து ஜூனில் விண்ணப்பித்தால் அடுத்த வருடம் ஆகஸ்டில்தான் வகுப்பு. லிங்கேஜில், போஸ்ட்பேக் படிக்கும்போதே ஒப்பந்தம் உள்ள ஒரு கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பித்து அந்த இடைவெளி வருடத்தைத் தாண்டிவிடலாம். கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், வேறு இடம் பார்க்கக் கூடாது. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு வருடம் என்பது கடைசியில் ஒரு வருட டாக்டர் சம்பளம், ஆகவே கட்டணத்தை அதோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். ஆனால் இந்தப் படிப்புகள் அறிவியல் பக்கமே போகாதவர்களுக்கானவை. முன்பே இந்தப் பாடங்களைப் படித்து சி வாங்கியவரை இவை எடுக்காது.

அப்படிச் சி வாங்கியவர்களுக்கு என்று சொல்லி விற்கப்படுவது எஸ்.எம்.பி. மருத்துவக் கல்லூரியின் முதல் வருடப் பாடங்களை ஒட்டிய முதுகலைப் படிப்பு. ஜார்ஜ்டவுன் 1975 முதல் நடத்திவருகிறது. இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. முதுகலை மார்க் விண்ணப்பத்தில் தனி வரியில் போகும். இளங்கலை ஜிபிஏயை அது ஒரு புள்ளிகூட ஏற்றாது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவர் 120 கிரெடிட்டை 2.9 ஜிபிஏயில் முடித்திருக்கிறார். இப்போது இளங்கலை நிலையில் இன்னும் 40 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்குகிறார். மொத்த ஜிபிஏ 3.175 ஆகும். இவ்வளவு உழைத்தும் இவ்வளவுதானா என்று தோன்றும். அவருடைய அறிவியல் ஜிபிஏயைப் பாருங்கள்: பழைய 40 அறிவியல் கிரெடிட் 2.5-ல் இருந்தால், புதிய 40 சேர்ந்ததும் 3.25. கடைசி 40 கிரெடிட் நான்குக்கு நான்கு. விண்ணப்பத்தைப் படிப்பவர் வருடவாரியாகப் பார்க்கும்போது கண்ணில் படுவது இந்த ஏற்றம்தான். ஆகவே ஜிபிஏ மூன்றுக்குக் கீழே இருப்பவர் முதலில் இளங்கலைப் பாடங்களால் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதைச் செய்து முடித்தும் 3.3 பக்கம் நிற்பவருக்கு எஸ்.எம்.பி. ஒரு நியாயமான அடுத்த படி. அங்கே போய் பி வாங்கினால், மருத்துவப் பாடம் இவருக்கு ஏறாது என்று நாமே சாட்சி சொன்னது போல ஆகிவிடும். அதற்குப் பிறகு பரிகாரம் கிடையாது. இது முதுகலைப் படிப்பு என்பதால், புதிய சட்டப்படி 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குபவருக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர்தான்.

எம்.டி., டி.ஓ., டெக்சஸ்

இரண்டு பட்டத்துக்கும் மருத்துவம் பார்க்கும் உரிமை ஒன்றே. 2020 முதல் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) அங்கீகாரமும் ஒன்றாகிவிட்டது. டி.ஓ. படிப்பவர் கூடுதலாக எலும்பு, தசைகளைக் கையால் கையாளும் சிகிச்சை முறையைக் கற்கிறார். தோல், சில அறுவை சிகிச்சைப் பிரிவுகள் போன்ற போட்டி கடுமையான ரெசிடென்சிகளில் எம்.டி.க்கு இன்னும் சாதகம் இருக்கிறது. குடும்ப மருத்துவம், உள்நோய் மருத்துவம், மனநலம் என்றால் இந்தக் கவலையே வேண்டாம். தாமதமாக வருபவர்களில் பலர் குறுகிய ரெசிடென்சிகளைத்தான் தேர்கிறார்கள், அவர்கள் டி.ஓ.வைக் கடைசிப் பட்சமாக ஒதுக்கி வைப்பதில் அர்த்தம் இல்லை. மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில், எம்.டி.யில் சேர்பவர்களின் சராசரி 511-512, டி.ஓ.வில் 504 பக்கம்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் கணிதம். ஆம்காஸ் தன் அறிவியல் ஜிபிஏயில் உயிரியல், வேதியியல், இயற்பியலோடு கணிதத்தையும் சேர்க்கிறது. ஆக்கோமாஸ் கணிதத்தைத் தனியாக வைக்கிறது. கால்குலஸ் முழுக்க ஏ வாங்கிய எஞ்சினியருக்கு ஆம்காஸில் எண் கூடும். கால்குலஸில் தடுமாறியவருக்கு ஆக்கோமாஸ் அனுகூலம். ஒரு பாடத்தை மறுபடி படித்தால் பழைய மார்க் அழியும் என்ற ஆக்கோமாஸ் சலுகை 2017-ஓடு போய்விட்டது. இப்போது இரண்டு பக்கமும் இரண்டு மார்க்கும் கணக்கில் ஏறும்.

டெக்சஸில் வசிப்பவருக்குத் தனி விண்ணப்பம், எத்தனை கல்லூரி போட்டாலும் ஒரே கட்டணம். அரசுக் கல்லூரிகளில் குறைந்தது 90 சதவீத இடம் மாநிலத்தவருக்கே. பத்து வருடத்துக்கு முந்தைய மார்க்குகளை மொத்தமாக ஒதுக்கிவைக்கும் 'அகாடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட்' சட்டமும் அங்கே உண்டு. கெட்டதை மட்டும் தூக்கிப்போட முடியாது, அந்தக் காலத்து ஏக்களும் சேர்ந்தே போகும். அவற்றில் அவசியப் பாடம் இருந்தால் மறுபடி படிக்க வேண்டும். அங்கே இருப்பவர் முதலில் இதைக் கணக்குப் பார்க்காமல் வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

கடன் விஷயத்தில் காற்று மாறிவிட்டது. 2026 ஜூலை முதல் புதியவர்களுக்கு, முழுச் செலவுக்கும் மத்திய அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர். டி.ஓ. கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார். பலவற்றில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் இந்த வரம்பைத் தாண்டும். மிச்சத்துக்குத் தனியார் கடன், அதாவது பெரும்பாலும் கூட ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். வீட்டுக் கடனும் குழந்தைகளும் இருப்பவருக்கு, சொந்த மாநில அரசு எம்.டி. கல்லூரி முன்னைவிடக் கூடுதல் கவர்ச்சியாகிவிட்டது.

எம்கேட் எல்லா வழிக்கும் பொது: 230 கேள்விகள், இடைவேளை சேர்த்து ஏழரை மணி நேரம், 472 முதல் 528 வரை மதிப்பெண். வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம். பாதியில் வேண்டாம் என்று ரத்து செய்ததும் ஒரு முறையாகவே கணக்கு. மே மாதத்துக்குள் எழுதிவிட்டால் ஜூன் தொடக்கத்தில் விண்ணப்பம் போடலாம். நிறைய கல்லூரிகள் வரும் வரிசையிலேயே இடத்தை நிரப்புவதால், செப்டம்பரில் போடும் நல்ல விண்ணப்பத்தைவிட அடுத்த ஜூனில் போடுவதே மேல். பலரைத் தாமதப்படுத்துவது ஒரு மறந்துபோன டிரான்ஸ்கிரிப்ட்தான். எப்போதோ ஒரு கோடையில் ஒரே ஒரு பாடம் படித்த கல்லூரியையும் சேர்த்து எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். ஒன்று வராவிட்டாலும் சரிபார்ப்பு நின்றுவிடும். நெருக்கடி மாதங்களில் சரிபார்ப்புக்கே ஆறு வாரம் வரை ஆகிறது.

இன்டர்வியூ: வழக்கமானதா, எம்.எம்.ஐ.யா?

எம்.எம்.ஐ. (மல்டிபிள் மினி இன்டர்வியூ) என்பது பல நிலையங்களில் அடுத்தடுத்து நடக்கும் குட்டி இன்டர்வியூக்கள். வயதில் மூத்த விண்ணப்பதாரருக்கு இரண்டில் எது சாதகம் என்று கேட்டால், வழக்கமான இன்டர்வியூ என்றே சொல்வோம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், ஒருவரோ இருவரோ கேட்பார்கள், சொல்ல நம்மிடம் ஒரு வாழ்க்கை இருக்கிறது. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு வருபவர் 2011-ல் வாங்கிய சியைப் பற்றிக் கேட்பார். காரணம் ஒரு வாக்கியம், அதற்குப் பிறகு என்ன மாறியது என்பது ஒரு வாக்கியம், அதற்கு ஆதாரமாகச் சமீபத்திய மார்க். அத்தோடு வாயை மூடிக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தைப் பார்க்காமலே வருபவரிடம், முதல் நிமிடத்திலேயே முன்பு என்ன வேலை பார்த்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி நேரம் அவர் குழம்பியிருப்பார்.

இரண்டு கேள்விகள் வந்தே தீரும். "ஏன் இப்போது?" என்பதற்குப் பழைய வேலையின் சலிப்பைச் சொன்னால், இதிலிருந்தும் ஓடிவிடுவார் என்று எழுதிக்கொள்வார்கள். மருத்துவமனையில் பார்த்ததில் எது இழுத்தது என்று அங்கிருந்து தொடங்குங்கள். "ஏன் பிசிஷியன் அசிஸ்டென்ட் (டாக்டருக்கு உதவியாக நோயாளிகளைப் பார்ப்பவர்) அல்லது நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் பயிற்சி பெற்று சிகிச்சை தரும் நர்ஸ்) ஆகக்கூடாது? இரண்டு மூன்று வருடத்தில் முடியுமே?" என்பது இன்னும் கடினம், ஏனென்றால் கேள்வி நியாயமானது. நான்கு வருடப் படிப்பு, பிறகு மூன்று முதல் ஏழு வருட ரெசிடென்சி என்ற எண்ணை நீங்களே எடுத்து வைத்து, அவர்கள் வேலையையும் அருகில் இருந்து பார்த்ததாகச் சொல்லி, எந்தப் பொறுப்புக்காக இந்த நீண்ட வழி என்று பேசினால் நிற்கும். அவர்களை மட்டம் தட்டினால் கதை முடிந்தது. திருமணம், குழந்தை பற்றிக் கேட்கக்கூடாது என்றாலும் யாராவது கேட்டுவிட்டால், வீட்டில் ஏற்பாடு செய்தாயிற்று என்று ஒரு வரியில் தாண்டிப் போங்கள்.

எம்.எம்.ஐ. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஆறு முதல் பத்து நிலையங்கள்; ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் படிக்க, ஆறேழு நிமிடம் பேச. ஒவ்வொரு நிலையத்திலும் வேறு ஆள் மார்க் போடுவார், முந்தைய நிலையத்தில் நீங்கள் சொதப்பியது அவருக்குத் தெரியாது. பத்து வருட மேலாளர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். இப்படி ஒரு நிலையம் வருகிறது என்று வையுங்கள்: குழுவில் ஒரு சக மாணவி இரண்டு வாரமாக எந்த வேலையும் செய்யவில்லை, உள்ளே இருக்கிறார், பேசுங்கள். அனுபவசாலி உள்ளே போனதும் கெடு தேதியைச் சொல்லி, வேலையைப் பிரித்து, அடுத்த சந்திப்பைக் குறித்துவிடுவார். நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். நடிப்பவரிடம் தயாராக இருக்கும் தகவல், தாய்க்கு உடம்பு சரியில்லை என்பதுபோல் ஏதோ ஒன்று, வெளியே வரவே இல்லை. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. மார்க் அங்கே இருந்தது. முதல் ஒரு நிமிடம் கேள்வி மட்டும் கேட்பது என்று கடிகாரம் வைத்துப் பழகினால் இது சரியாகும். நெறிமுறைக் கேள்விகளில் முடிவைவிட, யார் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று வாய்விட்டு யோசிப்பதற்கே மார்க் அதிகம்.

இடம் கிடைத்த பிறகும் இரண்டு பக்கத்து வழக்கமும் வேறு. எம்.டி. கல்லூரிகளின் வழக்கமான சேர்க்கைக் கடிதம் அக்டோபர் 15-லிருந்து வரத் தொடங்கும். முன்பணம் பெரும்பாலும் 100 டாலர் அளவுதான், ஏப்ரல் 30 வரை பல இடங்களில் திரும்பக் கிடைக்கும். டி.ஓ. கல்லூரிகள் சீக்கிரமே சீட்டைக் கொடுத்து ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கும், திருப்பித் தராது. அந்தத் தொகையை விண்ணப்பச் செலவிலேயே முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டவேண்டிய தேதி வரும்போது கையில் ஒரு எம்.டி. இன்டர்வியூ அழைப்புகூட இல்லை என்றால், யோசிக்காமல் கட்டிவிடுங்கள்.