குழந்தை எக்ஸிமாவுக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி: 5க்கு 4 ஸ்டார்

வாசனை இல்லாத, கலர் இல்லாத சாதா பெட்ரோலியம் ஜெல்லி, அதுதாங்க. பாப்பாவுக்கு எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு அரிக்கிற பிரச்சனை; முழங்கை உள்பக்கமும் முழங்கால் மடிப்புலயும் தோல் சிவந்து சொரசொரன்னு ஆகி தூக்கத்துலயே சொறிஞ்சுக்கிட்டு கிடப்பா, பேபி லோஷன் போட்டா எரியுதுன்னு ஒரே அழுகை, இதுல அந்தத் தொல்லை இல்ல. இது புதுசா ஈரம் எதுவும் குடுக்காது, தோல்ல இருக்கிற ஈரம் வெளிய போகாம மூடி வைக்கும், அவ்ளோதான். அதனால எப்போ போடுறோம்ங்கறதுதான் விஷயமே. வெதுவெதுப்பான தண்ணில 5-10 நிமிஷம் குளிக்க வச்சு, டவலால தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, 3 நிமிஷத்துக்குள்ள அந்த ஈரத்தோடயே தடவிடணும்.

மைனஸ்னா பிசுபிசுப்பு. பெட்ஷீட் பூரா கறை, தடவின கையோட பொம்மைய தூக்குனா அதுக்கும் ட்ரீட்மெண்ட் ஆயிடும், ஒரு ஸ்டார் அதுக்குத்தான் கட். டப்பாக்குள்ள விரல விடாம சுத்தமான ஸ்பூன்ல எடுங்க.

ஆனா இது மருந்து கிடையாது. ரொம்ப சிவந்து கிளம்பும்போது டாக்டர் குடுத்த ஸ்டீராய்டு க்ரீம் வேணும், பேரைக் கேட்டு பயந்து நீங்களா நிறுத்தாதீங்க. நீர் வடிஞ்சு மஞ்சளா பொருக்கு கட்டுனா இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், உடனே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.