சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகவா, பிராங்பர்ட் வழியாகவா?

நேர்வழி சுமார் 15,300 கிலோமீட்டர். பிராங்பர்ட்டில் இறங்கி ஏறினால் ஏறக்குறைய 16,500. கூடுதல் 1,200 தானே, ஒன்றரை மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் நேர் விமானத்துக்குச் சுமார் 18 மணி நேரம் என்றால், பிராங்பர்ட் வழிக்கு ஏறக்குறைய 24. தரையில் காத்திருப்பது ஒரு காரணம். இன்னொன்று காற்று: பிராங்பர்ட் வழியாக மேற்கே போகும் விமானத்தை ஜெட் காற்றோட்டம் (உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று) எதிர்த்துத் தள்ளும், நேர் விமானம் பசிபிக் மேல் கிழக்கே போனால் அதுவே பின்னாலிருந்து தள்ளிவிடும்.

சரி, அப்போ நேர் விமானம்தானா? சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அந்த நெடுந்தூர ஏ350 விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. பட்ஜெட் பயணிக்குப் பிராங்பர்ட்தான். நடுவில் காலை நீட்டி நடக்கலாம், அதுவும் லாபம்தான்.