தாமரை கிட்: கிழங்கு தேறுகிறது, மற்றதெல்லாம் வீண்

ஆன்லைனில் 'வீட்டுத் தாமரை கிட்' என்று வருவதில் பெரும்பாலும் இவைதான் இருக்கும்: ஒரு கிழங்கு, 12 அங்குல பிளாஸ்டிக் டப், மண் கலவை, உரப் பொட்டலம், இலவசமாகக் கொஞ்சம் விதை. இதில் காசுக்குத் தகுந்தது கிழங்கு மட்டும்தான்.

பார்சல் வந்ததும் முளை நுனியைப் பாருங்கள். தந்த நிறத்தில் ஊசிபோல் கூர்மையாக இருக்க வேண்டும். வெண்டைப் பிஞ்சு மாதிரி படக்கென்று ஒடியும், கை படாமல் எடுங்கள். குறைந்தது இரண்டு கணு இருந்தால் நல்லது. நுனி கறுத்து, அழுத்தினால் குழைந்தால் போட்டோ எடுத்து உடனே திருப்பி அனுப்புங்கள்.

டப் சிறியது. குட்டை ரகங்களுக்கு ஒப்பேறும். மற்றவற்றுக்கு 18 முதல் 24 அங்குல அகலம், அடியில் ஓட்டையில்லாத வட்டத் தொட்டி வேண்டும். சதுரத் தொட்டியில் ஓடும் தண்டு மூலையில் முட்டி நின்றுவிடும்.

மண் கலவை என்பது முக்கால்வாசி தென்னைநார்க் கழிவு. தண்ணீர் ஊற்றியதும் மிதக்கும், தண்ணீர் டீத்தூள் நிறத்துக்கு மாறும். அதை ரோஜாத் தொட்டியில் கொட்டிவிட்டு வயல் களிமண் தேடுங்கள். அடியில் 2 அங்குலம் நன்றாக மக்கிய சாணம், மேலே 5 அங்குலம் களிமண். கிழங்கைத் தொட்டி ஓரமாகப் படுக்க வைத்து, முளை நடுவைப் பார்க்கும்படி ஒரு அங்குலம் மண்ணால் மூடுங்கள். முளை மட்டும் வெளியே தெரியட்டும். மேலே 2, 3 அங்குலம் தண்ணீர் போதும்.

நட்ட அன்றே உரம் போடச் சொல்கிறது உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டு. கிழங்கு அழுகிப்போனது என்ற புகார்கள் பல இங்கேதான் தொடங்குகின்றன. வேர் இறங்காத கிழங்கை உரம் எரித்துவிடும். முதலில் வருவது காசு போல மிதக்கும் இலைகள். அப்போதும் உரத்தில் கை வைக்காதீர்கள். தண்ணீருக்கு மேலே நிமிர்ந்த இலை இரண்டு மூன்று வந்தபின், ஒரு டீஸ்பூன் டிஏபி உரத்தை நியூஸ்பேப்பரில் மடித்து, முளையை விட்டுத் தள்ளி ஓரச் சேற்றில் ஆழமாகச் செருகுங்கள். தண்ணீரில் கரைந்தால் பாசிதான் வளரும்.

வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். பால்கனி கம்பி நிழலில் இலைதான் வரும், பூ வராது. கொசுவுக்கு நாலு கப்பி மீன். இலைத்தண்டில் அசுவினிப் பூச்சி ஏறினால் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள், மீன் பார்த்துக்கொள்ளும்.

அந்த இலவச விதை? 'நீலத் தாமரை' என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டுத் தூரப் போடலாம். தாமரையில் நீலமே கிடையாது, அது அல்லி இனம். 'ஆயிரம் இதழ்' விதை அதைவிட வேடிக்கை: அந்த ரகத்தில் விதைக்காயே பிடிக்காது.

மார்கழிக் குளிரில் கிழங்கு தூங்கும். அப்போது தள்ளுபடி போட்டாலும் பொறுத்திருந்து, மாசி பங்குனியில் கிழங்கை மட்டும் தனியாக வாங்குங்கள்.