கவண்குண்டு: உருண்டையா, பாதாம் வடிவமா?

இரு கயிறும் நடுவில் ஒரு பையும் கொண்டு சுழற்றி எறியும் கருவி கவண். அதில் ரோமானியர் வைத்து எறிந்த ஈயக் கவண்குண்டைப் பார்ப்பவர்கள் முதலில் வியப்பது அதன் வடிவத்தைத்தான். இரு முனையும் கூம்பிய பாதாம் வடிவம்; காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கென்றே வார்த்தது போலத் தோன்றும். அந்தப் புகழில் பெரும்பங்கு வடிவத்துக்கு அல்ல, ஈயத்துக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிராம் எடையில் உருண்டையான கல் ஒன்று, உருண்டையான ஈயம் ஒன்று. கல்லின் விட்டம் ஏறக்குறைய 3.3 செ.மீ.; ஈயத்துக்கு 2 செ.மீ.தான். காற்றை எதிர்கொள்ளும் பரப்பு, கல்லில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஒரே வேகத்தில் எறிந்தால் காற்றின் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். முனையைக் கூராக்கும் முன்பே ஈயம் பாதி வெற்றி பெற்றுவிடுகிறது. கி.மு. 401இல் பாரசீகப் படையிடமிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்த கிரேக்கர்கள் இதை நேரில் கண்டார்கள். பாரசீகர் எறிந்தவை கை நிறையும் கற்கள். கிரேக்கப் படையிலிருந்த ரோட்ஸ் தீவினரின் ஈயக்குண்டுகள் அவற்றைவிட இருமடங்கு தூரம் போகும் என்று உடனிருந்த கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதியிருக்கிறார்.

வடிவத்துக்கு வருவோம். உருண்டைக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. எப்படிப் புரண்டாலும் காற்றுக்கு ஒரே பரப்பைத்தான் காட்டும். பாதாம் குண்டின் கதை வேறு: முனை முன்னே நின்றால் இழுவை வெகுவாகக் குறையும், குறுக்கே திரும்பிவிட்டால், அதே எடையுள்ள உருண்டையைவிட அதிகப் பரப்பைக் காட்டி வேகத்தை இழக்கும். முனை முன்னே நிற்க வேண்டுமானால், குண்டு தன் நீள அச்சைச் சுற்றிச் சுழல வேண்டும்.

துப்பாக்கிக் குழலில் அந்தச் சுழற்சியைத் தர உள்ளே திருகுவரிகள் இருக்கின்றன. கவணில் அப்படி எதுவும் இல்லை. இரு கயிறுகளில் ஒன்றை விட்டதும் பை விரிகிறது. அதன்மேல் உருண்டு வெளியேறும்போது குண்டு பெறும் சுழற்சிதான் எல்லாம். பை எந்தத் திசையில் விரிகிறது, மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, வீச்சு தலைக்கு மேலா பக்கவாட்டிலா என்பதைப் பொறுத்து அச்சு மாறும். நீள அச்சில் சுழன்றால் குண்டு நேராகப் போகும். தலைகுப்புறச் சுழன்றால் கூர்முனையால் பயனே இல்லை. இதே தவறான சுழற்சி உருண்டைக்கு அவ்வளவு கேடு செய்யாது. பக்கச் சுழற்சி பாதையை வளைக்கும், அவ்வளவுதான். பின்சுழற்சியோ சற்று உயரத்தூக்கி உதவவும் செய்யும். பழகத் தொடங்குபவர் உருண்டைக் கல்லை எடுப்பதே நல்லது. ஈயம் நஞ்சு என்பதால் ஈயக்குண்டு ஆசை எவருக்கும் வேண்டாம்.

சுட்டதோ காய்ந்ததோ, களிமண் குண்டு பறப்பதில் கல்லுக்கும் ஈயத்துக்கும் பின்னால்தான்; கல்லைவிட அடர்த்தி குறைவு. ஆனால் ஒரே எடையில், ஒரே அளவில் எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆற்றங்கரையில் பொறுக்கிய கற்களில் அது நடக்காது. குறி வைப்பவனுக்கு ஒவ்வோர் எறியும் முந்தையதைப் போலவே இருப்பது, கூடுதல் தூரத்தைவிடப் பெரிய லாபம். சிரியாவின் ஹமூகரில் கி.மு. 3500 அளவிலான முட்டை வடிவக் களிமண் குண்டுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

நீள்வடிவம் நிலைத்ததற்குப் பறப்பு மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறேன். அது பையில் உருளாமல் அமரும், வார்ப்பதும் எளிது. நெதர்லாந்தின் வெல்சன் கோட்டையில் கிடைத்த சில குண்டுகள், அவசரத்தில் மணலில் விரலை அழுத்தி அந்தக் குழியில் ஈயத்தை ஊற்றிச் செய்தவை போல இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் பர்ன்ஸ்வார்க் குன்றில் கிடைத்த ரோமானியக் குண்டுகளில் சிறியவை சிலவற்றில் துளையே இட்டிருக்கிறார்கள். பறக்கும்போது ஒலி எழுப்பி எதிரியை அச்சுறுத்தவே துளை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் எடையும் தூரமும் குறைந்தாலும் பரவாயில்லை என்று அந்தப் படை முடிவு செய்திருக்கிறது.