ஜூன்டீன்த் ஆராதனைக்கு வாங்கிய வீடியோ தொகுப்பு: வாங்கலாமா?

ஹூஸ்டனில் எங்கள் தமிழ்ச் சபையில் திரையும் ப்ரொஜெக்டரும் என் பொறுப்பு. டெக்சாஸில் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்ட ஜூன் 19-ஐக் கொண்டாடும் நாள்தான் ஜூன்டீன்த். இந்த ஆண்டு அதற்கான ஆராதனையைப் பக்கத்துக் கறுப்பினச் சபையோடு சேர்ந்து நடத்தினோம். அதற்காக ஆன்லைனில் 39 டாலருக்கு ஒரு தொகுப்பு வாங்கினேன். இரண்டு வீடியோக்கள், பாடல் வரிகளுக்கான பின்னணிகள், வேதவாசிப்பு ஸ்லைடுகள் இருக்கின்றன.

39 டாலரும் முதல் வீடியோவுக்கே தகும். 1862 டிசம்பர் 31 இரவு, அடிமைகளை விடுவிக்கும் அதிபர் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வரும் நேரத்துக்காக விழித்திருந்து ஜெபித்த கறுப்பின மக்களைக் காட்டும் அந்தக் காலத்துப் படம் ஒன்று. நடுவில் கடிகாரத்தோடு ஒரு பெரியவர். கேமரா மெல்ல அந்தக் கடிகாரத்தை நெருங்குகிறது. இசையும் இல்லை, பேச்சும் இல்லை. வருடக் கடைசி இரவு ஆராதனைக்குப் பழகிய எங்கள் ஆட்களுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. முன்வரிசையில் ஒரு பாட்டி தானாகவே ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது வீடியோவை அப்படியே போட வேண்டாம். '1863-இல் லிங்கன் எல்லா அடிமைகளையும் விடுவித்தார்' என்று வருகிறது. அது தவறு. கிளர்ச்சி செய்த தென்மாநிலங்களுக்கு மட்டுமே அந்தப் பிரகடனம். கென்டக்கியிலும் டெலவேரிலும் 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் வரும்வரை அடிமைத்தனம் சட்டப்படியே இருந்தது. அப்புறம், 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் வடக்குப் படையின் ஜெனரல் கிரேஞ்சர் வெளியிட்ட ஆணையில், அடிமைகள் எல்லாரும் விடுதலை என்னும் முதல் வாக்கியத்தை மட்டும் தங்க எழுத்தில் காட்டி, உடனே வாணவேடிக்கைக்குப் போய்விடுகிறார்கள். விடுதலையானவர்கள் இருந்த இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யட்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதைச் சொல்லும் யாத்திராகமம் வாசிக்கும் ஆராதனையில் இந்த வரியை மறைக்கலாமா? வாணவேடிக்கையை வெட்டிவிட்டு, முழு ஆணையையும் ஸ்லைடாகப் போட்டு இரண்டு சபை இளைஞர்களையும் வாசிக்க வைத்தோம்.

என்னை மிகவும் வருத்தியது பாடல் பின்னணிகள்தான். சவுக்கடித் தழும்புகள் நிறைந்த முதுகைக் காட்டும் 1863-ஆம் ஆண்டுப் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதை மங்கலாக்கி, அதன்மேல் துதிப்பாடல் வரிகள் ஓட வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதனின் காயம் அலங்காரத் துணி அல்ல. அதைக் காட்டத்தான் வேண்டும்; ஆனால் பாட்டை நிறுத்தி, பிள்ளைகளோடு வந்தவர்களிடம் முன்பே சொல்லி, பாவ அறிக்கை ஜெபத்தின்போது காட்ட வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நிறைவுப் பாடலுக்குக் கொடுத்திருப்பது சங்கிலியோடு மண்டியிட்டுக் கெஞ்சும் மனிதனின் உருவம். 1787-இல் இங்கிலாந்தில் அடிமை வணிக ஒழிப்புச் சங்கத்துக்காகச் செய்த முத்திரை. நல்ல நோக்கம்தான். ஆனாலும் விடுதலையைக் கொண்டாடும் நேரத்தில் அவர் ஏன் இன்னும் மண்டியிட வேண்டும்? அதை எடுத்துவிட்டு 1900 ஜூன் 19 அன்று ஆஸ்டினில் இந்த நாளைக் கொண்டாடியவர்களின் படத்தைப் போட்டேன். நல்ல உடை உடுத்தி, நிமிர்ந்து நிற்கிறார்கள். கூடவே எங்கள் ஊர் எமான்சிபேஷன் பார்க். 1872-இல், அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்கள் சபைகள் மூலம் பணம் சேர்த்து, இந்த நாளைக் கொண்டாடவென்றே வாங்கிய 10 ஏக்கர். அந்த ஸ்லைடு வந்ததும் பக்கத்துச் சபையார் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தமிழ்ச் சபைகளுக்கு ஒரு விஷயம்: பாடல் வரிக்கான கட்டம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்தது. நம் கீர்த்தனை வரி அதில் அடங்காது, மின்னும் பின்னணியில் புள்ளியும் கொம்பும் தெரியாது. எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போட்டால் சரியாகிவிடும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். நேரம் இருக்கிற சபை வாங்கலாம். சனிக்கிழமை இரவு இறக்கி ஞாயிறு காலை ஓடவிட நினைப்பவர்கள், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய படங்களில் இரண்டை எடுத்து, யார், எங்கே, எந்த ஆண்டு என்று கீழே எழுதிப் போட்டாலே போதும்.